ஒரே வீடு, ஐந்து காகிதம்

பெரியம்மா என்னைத் தேடி வந்தால் கையில் மஞ்சப்பை இருக்கும். பைக்குள் ஒரு பிஸ்கட் டப்பா, டப்பாவுக்குள் காகிதங்கள். 1990இல் மண்டபத்தில் இறங்கியபோது போட்ட பதிவுச் சீட்டு, முகாமின் குடும்ப அட்டை, ஓரம் உடைந்த இலங்கை அடையாள அட்டை, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டிய காணிப் பத்திரம். எல்லாவற்றையும் என் மேசையில் பரப்பிவிட்டு, “போறதோ, இருக்கிறதோ? ஒண்டைச் சொல்லு தம்பி” என்பார். இலங்கைக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா: மூன்று வருடமாக இதே கேள்வி.

நான் தமிழ்நாட்டில், இலங்கைத் தமிழ் அகதிகளின் முகாமில் பிறந்தவன். பகலில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் எங்கள் லைனில், அதாவது வீட்டு வரிசையில், உள்ளவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். இத்தனை வருடம் மனு எழுதிய பிறகு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெரியம்மா கேட்கும் “ஒண்டு” கிடையாது. அவர் வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஐந்து பதில். யார் எந்த வருடம், கடலுக்கு எந்தப் பக்கம் பிறந்தார் என்பதை வைத்துச் சட்டம் பதிலை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. முகாமில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் “நாங்க போகலாமா” என்று வீட்டையே ஒட்டுமொத்தமாக வைத்துப் பேசுகிறார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வீட்டையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெரியம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஆளை அடையாளம் தெரியாதபடி ஓரிரு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். பெரியம்மாவுக்கு 68 வயது, சொந்த ஊர் மன்னாரில் அடம்பன் பக்கம். மகன் 1981இல் அங்கே பிறந்து, ஒன்பது வயதில் தாயோடு படகேறி வந்தவர். இப்போது பெயின்டிங் வேலை. முகாம் ஆண்களில் பாதிப் பேரின் கையில் பிரஷ்தானே இருக்கிறது. மருமகளின் குடும்பம் மலையகத்தைச் சேர்ந்தது; இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழி. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடியேறி, 1983இல் அங்கிருந்தும் கிளம்பியவர்கள். மருமகள் பிறந்தது 1984இல், மண்டபம் முகாமில். மூத்த பையன் 2004 ஆகஸ்டில் பிறந்தான். சின்னவள் 2009இல். ஐந்து பேருக்கும் ஒரே குடும்ப அட்டை.

1983 ஜூலைக்குப் பிறகு நான்கு அலைகளாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 1995 மார்ச் வரை அரசு ஏற்பாட்டில் திரும்பிப் போனவர்கள் 99,469 பேர். அதன்பின் அரசு கூட்டி அனுப்புவது நின்றுவிட்டது. போக விரும்புகிறவர்கள் தாங்களாகப் போவதுதான். 2021இல் தமிழக அரசு சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேர், காவல் நிலையத்தில் பதிந்து முகாமுக்கு வெளியே வாழும் ‘வெளிப்பதிவில்’ 34,087 பேர். இவர்கள் முன்னால் இருக்கும் வழிகளைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன்.

ஊருக்குப் போவது

வழிமுறை கேட்க எளிது. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகத்தில் (முகாமில் சுருக்கமாக ‘யூ.என்.’) விண்ணப்பிக்க வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல்தான் போகிறோமா என்று தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயணப் பத்திரம், இந்தியத் தரப்பில் வெளியேறும் அனுமதி, பிறகு விமான டிக்கெட். இறங்கியதும் கைச்செலவுக்கும் மறுவாழ்வுக்கும் ஒரு சிறு தொகை. 2002 முதல் இந்த வழியில் ஆயிரக்கணக்கானோர் போயிருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் விண்ணப்பம் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள். இது ஒருவழிப் பாதை. வெளியேறும் அனுமதியில் போனால் முகாம் பதிவு அடிபடும். பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் இலங்கை பாஸ்போர்ட்டில் விசா எடுத்து வருகிற வெளிநாட்டுக்காரராகத்தான் வர முடியும். பெண் பார்க்கப் போகிற மாதிரி ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து முடிவு சொல்ல வழியில்லை.

அதனால் எல்லாரும் வாட்ஸ்அப்பில் பார்க்கிறார்கள். பெரியம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி மன்னாரில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மோட்டார் சைக்கிளில் அடம்பனுக்குப் போய், காணியில் நின்று வீடியோ அழைப்பு போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். முதலில் வெயில் மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஒரு பனைவரிசை, முள்ளுக்கம்பி வேலி, வேலிக்குள் யாரோ கட்டிய மாட்டுக்கொட்டில். “கிணத்தடியைக் காட்டு” என்றார் பெரியம்மா. அவர் காட்டினார். கிணற்றின் கட்டு பாதி இடிந்து, உள்ளே ஒரு ஆலங்கன்று முளைத்திருந்தது. “தண்ணி இருக்கோ?” “இருக்கு அக்கா.” பெரியம்மா அதோடு போனை மருமகளிடம் கொடுத்துவிட்டார். மாட்டுக்கொட்டில் யாருடையது என்று கேட்கவே இல்லை. கேட்க வேண்டியது அதுதான்.

காணி விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது அது உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்பது. உறுதி என்றால் உங்கள் பெயரில் பதிவான பத்திரம். காணிக் கந்தோரில் (நிலப் பதிவு அலுவலகம்) பிரதி எடுக்கலாம். வேறொருவர் குடியிருந்தாலும் வாதாட இடம் உண்டு. சாதாரணமாகப் பத்து வருடம் ஒருவர் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் காணி அவருக்குப் போய்விடும் என்பது இலங்கைச் சட்டம். போரினால் விரட்டப்பட்டவர்களுக்கு இது அநியாயம் என்று 2016இல் தனிச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். அது உங்கள் வழக்குக்கு இன்னும் பொருந்துமா என்பதை அங்குள்ள வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். பெர்மிட் காணி என்றால் அரசு நிலத்தில் பயிர் செய்யக் கொடுத்த உரிமம். கட்டுக்கரைக் குளத்தை நம்பிய வயல்களில் இந்த வகை நிறைய. உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால் அவர் குறித்து வைத்த வாரிசு யார், அந்த வாரிசு அங்கே இருந்தாரா என்றெல்லாம் பிரதேச செயலகத்தில் கேட்பார்கள். பெரியம்மாவின் பத்திரம் அவருடைய மாமனார் பெயரில் உள்ள பெர்மிட். இது தெரியவே எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதுவரை அவர் அதை “உறுதி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

2025 மார்ச்சில் வடக்கில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கருக்கு உரிமை கோருகிறவர்கள் மூன்று மாதத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் அரசு நிலம் என்று கொழும்பு ஒரு அறிவித்தல் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டார்கள். ஆனால் அந்த மூன்று மாதமும் எங்கள் முகாமில் பலருக்குத் தூக்கமில்லை. கடல் கடந்து இருப்பவன் மூன்று மாதத்தில் எந்தக் கந்தோரில் போய் நிற்பான்?

அதே வருடம் மே மாதம் இன்னொன்று நடந்தது. யூ.என். வழியாகவே முறைப்படி திரும்பிய ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் பிடித்தார்கள். குற்றம், பல ஆண்டுகளுக்கு முன் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது. இரண்டு பக்கமும் கண்டனம் எழுந்தது. போர்க்காலத்தில் தலைமன்னாரிலும் பேசாலையிலும் படகேறியவர்களில் யார் பாஸ்போர்ட் வைத்திருந்தார்கள்? விண்ணப்பிக்கும் முன் யூ.என். அலுவலகத்தில் இந்த ஒரு கேள்வியை நேராகக் கேளுங்கள்: இறங்கும்போது பிடிக்கமாட்டார்கள் என்பதற்கு இப்போதைய ஏற்பாடு என்ன? சுற்றிவளைத்துப் பதில் வந்தால் காத்திருங்கள்.

பிள்ளைகளுடைய படிப்பு அடுத்தது. சின்ன வகுப்பில் இருக்கும்போது போனால் தமிழிலேயே படிக்கலாம், பழகிவிடுவார்கள். இங்கே ப்ளஸ் டூ வரை வந்த பிள்ளையைக் கூட்டிப் போனால் அங்கே உயர்தரப் பரீட்சை என்ற வேறொரு மலையை முதலிலிருந்து ஏற வேண்டும். பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்கு அந்தப் பட்டத்துக்கு அங்கே அங்கீகாரம் வாங்குவது ஒரு வேலை. அரசு உத்தியோகம் என்றால் சிங்களமும் வந்து நிற்கும். என் அனுபவத்தில் ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே பிள்ளைகள் இருந்த வீடுகள் ஓரளவு காலூன்றின. அதற்கு மேலே இருந்த வீடுகளில் பிள்ளைகள் இன்றும் பெற்றோரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது, மார்ச் 22ஆம் தேதி முதல் தொகுதியாக 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். பிறகு இன்னும் வந்தார்கள். அவர்களில் முன்பு முகாமில் இருந்து ஊருக்குத் திரும்பிப் போனவர்களும் உண்டு. இதை வைத்து “பார்த்தியா, போனவங்க எல்லாம் திரும்பி வர்றாங்க” என்று பேசுகிறார்கள். எல்லாரும் வரவில்லை. நான் பார்த்தவரை காணியும் கிணறும் கைக்கு வந்தவர்கள் வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் தங்கியவர்கள் வந்தார்கள்.

மருமகள் போன்ற மலையகத்தாருக்கு இந்த வழியில் வேறொரு ஓட்டை. இந்திய முகாம்களில் உள்ள மலையகத் தமிழருக்கும் இலங்கைக் குடியுரிமை உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். உரிமை உண்டு, ஊர் எது? தோட்டத்து லைன் அறை தோட்டத்துக்குச் சொந்தம். வவுனியாவில் குடியேறிய காட்டு நிலத்துக்குப் பலரிடம் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

இந்தியக் குடியுரிமை

இங்கேதான் ஒரு வீடு ஐந்தாக உடைகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முகாமில் நிறையப் பேருக்குத் தெரியாத, தெரிந்தால் சிலருடைய தலையெழுத்தையே மாற்றக்கூடிய விஷயம் இது.

1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். முகாமில் பிறந்தாலும்தான். மண்டபம் முகாமில் அந்தத் தேதிக்கு முன் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறகு அவர் தேர்தலில் ஓட்டும் போட்டார். அன்று எங்கள் முகாம் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு ஒருவர் குடிமகனாக இருந்தும் போதாது. மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. உரிய பத்திரம் இல்லாமல் வந்தவர்கள் எல்லாரையும் சட்டம் அப்படித்தான் அழைக்கிறது. படகில் வந்த ஒன்பது வயதுச் சிறுவனும் அதில் அடக்கம்.

இப்போது பெரியம்மா வீட்டுக்கு வாருங்கள். மருமகள் 1984இல் மண்டபத்தில் பிறந்தவர். நாற்பது வருடமாக அகதி அட்டை வைத்திருக்கும் அவர், சட்டப்படி பிறந்த நாள் முதலே இந்தியர். மூத்தவன் 2004 ஆகஸ்ட். தாய் இந்தியர் என்பதால் அவனும் இந்தியன். சின்னவள் 2009, தகப்பன் படகில் வந்தவர், அதனால் அவள் இல்லை. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே அரசு மருத்துவமனை, ஒரே வார்டாகக்கூட இருக்கலாம். மூத்தவன் நான்கு மாதம் பிந்திப் பிறந்திருந்தால் அவனும் தங்கையோடு போய் நின்றிருப்பான். இதை நான் படித்துச் சொன்ன இரவு மருமகள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் ஏன்ணே இத்தனை வருசமா செக்கிங்குக்கு நிக்கிறேன்?” என்றார்.

சட்டத்தில் இருப்பது வேறு, கையில் வருவது வேறு. மருமகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தபோது தாய், தந்தை பெயர் இருந்தது. குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய கட்டம் காலி. அந்தக் காலத்தில் பிறந்த நிறையப் பேருடைய சான்றிதழ் இப்படித்தான். அந்தக் கட்டத்தில் இருக்க வேண்டிய குழந்தைதான் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த நாற்பது வயதுக்காரி என்பதைப் பள்ளிச் சான்றிதழ், முகாம் பதிவேடு என்று வைத்து நிரூபிக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் போலீஸ் விசாரணையில் ‘இலங்கை அகதி’ என்று எழுதி மறுப்பார்கள். அந்த மறுப்புக் கடிதம்தான் வழக்குக்கு முதல் காகிதம். எனவே மறுத்தால் சோர்ந்துபோகாமல் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வையுங்கள்.

மகனுக்குப் பிறப்பு வழி இல்லை. இத்தனை வருடம் இங்கே வாழ்ந்ததையும் இந்தியப் பெண்ணைக் கட்டியதையும் காட்டிப் பதிவு மூலமோ இயல்புரிமை மூலமோ கேட்கலாமே என்பார்கள். இரண்டு கதவிலும் அதே ‘சட்டவிரோதக் குடியேறி’ பூட்டு தொங்குகிறது. 2019இன் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு மட்டும் அந்தப் பூட்டைத் திறந்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பரில் வந்த உத்தரவு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தது. சிறைப் பயம் போனது, குடியுரிமை வந்துவிடவில்லை. “வந்திடுச்சாமே” என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. 2022இல் வந்தவர்களுக்கு அந்த விலக்கும் இல்லை.

மலையகத்தாருக்கு இங்கே கூடுதல் வாதம் ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 30இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா 5,25,000 பேரை ஏற்பதாக ஒப்புக்கொண்டது. கலவரம் முந்திக்கொண்டதால் பலர் அந்த வரிசையில் வராமல் படகில் வந்தார்கள். 2019 ஜூனில் மதுரைக் கிளையில் இப்படிப்பட்ட 65 பேர் தொடர்ந்த வழக்கில், விண்ணப்பங்களைப் பரிசீலித்து 16 வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று தீர்ப்பு வந்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில் இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்று சொன்னதையும் மறந்துவிடக் கூடாது. 1951இன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. பிடித்துத் தொங்க நமக்கு வேறு கயிறு இல்லை.

இனி முக்கியமான எச்சரிக்கை. ஊருக்குப் போகும் வழியில் முதல் வேலை, இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து அந்நாட்டுக் குடியுரிமைச் சான்றிதழ் வாங்குவது. “எதுக்கும் இருக்கட்டும்” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் மொத்தமாகப் போட்டுவிடுகிறார்கள். இந்தியக் குடிமகனாக உள்ளவர் தானாக முன்வந்து வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்பது சட்டம். மூத்தவனைப் போன்றவர்கள் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வழிகளும் ஒன்றுக்கொன்று துணை என்று நினைக்கிறோம். சிலருக்கு ஒன்றைத் திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும்.

இருக்கிற இடத்திலேயே

ஒன்றும் செய்யாமல் முகாமில் இருப்பதும் ஒரு முடிவுதான். முன்பைவிட இப்போது அது தாங்கக்கூடியதாக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய் திட்டம் அறிவித்தது. இடிந்த 7,469 வீடுகளுக்குப் பதில் புது வீடுகள், உதவித்தொகை உயர்வு, பொறியியல் படிப்புக் கட்டணம் என்று பல. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர்ப் பலகை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ ஆனது. திண்டுக்கல் தோட்டனூத்தில் 2022இல் திறந்த 321 வீடுகளைப் போய்ப் பார்த்தேன். சிமென்ட் வாசனை போகவில்லை. பத்துக்குப் பத்து அறையில் நடுவே சேலை கட்டித் தூங்கியவர்களுக்குக் கதவு போட்ட சமையலறை பெரிய விஷயம். எங்கள் முகாமில் ஒரு லைனுக்கு வந்திருக்கிறது, எங்கள் லைனுக்கு வரவில்லை. வரும் என்கிறார்கள்.

குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பன்னிரண்டு வயதுக்குக் கீழே 500. பெரியம்மா வீட்டுக்கு மொத்தம் 5,500. அரிசி தனி. இதற்கு விலை, செக்கிங். வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வருகிற நாளில் ஆள் இருக்க வேண்டும். மகன் கோயம்புத்தூரில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுத்திருந்தாலும் அன்றைக்கு ராத்திரி பஸ் பிடித்து வந்து முகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். நிலம் வாங்க முடியாது. பைக்கூட உள்ளூர் நண்பர் பெயரில்தான். நானும் ஒரு நிறுவனத்தில் கடைசி நேர்முகம் வரை போய், “பாஸ்போர்ட் நகல் அனுப்புங்க” என்ற ஒரு வரி மெயிலோடு நின்றவன். வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது, விடுங்கள்.

முகாமில் கணக்கில் வராத சொத்து ஒன்று உண்டு. 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் அவர். அதில் வேலை செய்தவர்களும் அகதிகளே. மாலை வகுப்பு எடுத்த அக்காமார், பிறப்புப் பதிவுக்குத் துணைத் தூதரக வாசலில் ஆளுக்குப் பதில் நின்ற அண்ணன்மார். 1991க்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசல் மூடி, 1996இல் மறுபடி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் படிப்பை விடாமல் பிடித்து வைத்தவர்கள் இவர்கள். உள்ளூர்க்காரர்களையும் சொல்ல வேண்டும். பைக்கைத் தன் பெயரில் எடுத்துக் கொடுத்த அந்த நண்பர் இன்றுவரை ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரியம்மாவுக்கு ராத்திரி மூச்சிரைத்தால் ஐந்து நிமிடத்தில் ஆட்டோ நிற்கும். அடம்பனில் அந்த ஆட்டோவை யார் கூப்பிடுவார்கள் என்பது நான் பெரியம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி.

வெளிப்பதிவு பற்றி நீட்ட ஒன்றுமில்லை. காவல் நிலையத்தில் பதிந்து வாடகை வீட்டில் இருக்கலாம். உதவித்தொகையும் முகாம் வீடும் கிடையாது. வெளிநாட்டுப் பிள்ளை மாதாமாதம் பணம் அனுப்பினால் சரி. பெயின்டிங் கூலியில் அது நடக்காது.

ஏஜென்ட் பிடித்துக் கள்ளத்தனமாக வெளிநாடு போகும் படகைப் பற்றி இரண்டு வரி. 2019 ஜனவரியில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து இருநூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பிய படகு எங்கே போனது என்று இன்றுவரை தகவல் இல்லை. ஏஜென்டுக்குக் கொடுக்க நகையை அடகு வைத்தவர்கள் இன்னும் வட்டி கட்டுகிறார்கள்.

என்ன சொன்னேன்

கடைசியாக பெரியம்மா கேட்டபோது நான் வரிசை போட்டுக் கொடுத்தேன். முதலில் மருமகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏற வேண்டும். அதை வைத்து அவருக்கும் மூத்தவனுக்கும் பாஸ்போர்ட் விண்ணப்பம்; மறுத்தால் வழக்கு. மூத்தவனைத் துணைத் தூதரகப் பக்கமே கூட்டிப் போகக் கூடாது. மகன் முகாமில் இருக்கட்டும், அவருக்கு இப்போதைக்கு வேறு இடம் கிடையாது. சின்னவளைத் தகப்பன் வழியில் இலங்கைக் குடியுரிமைக்குப் பதிவதா, இங்கேயே அவளுக்காக வழக்காடுவதா என்பதை அவளுக்குப் பதினெட்டு ஆகுமுன் வழக்கறிஞரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒன்றுமே செய்யாவிட்டால் அவள் எந்த நாட்டுக்காரியும் இல்லாமல் போவாள். அண்ணன் கையில் இந்திய பாஸ்போர்ட்டும் தங்கை கையில் இலங்கை பாஸ்போர்ட்டும் வந்தால், வரட்டும்.

பெரியம்மா கடைசியில் போகலாம். இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அவர் இப்போதே போனால் இந்த வீட்டில் யாரும் அவரைப் பார்க்கப் போக முடியாது. போனால் திரும்ப வர முடியாது. மூத்தவன் கையில் இந்திய பாஸ்போர்ட் வந்துவிட்டால் கதை வேறு. அவன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி காங்கேசன்துறையில் இறங்கலாம், திருச்சியில் ஏறிப் பலாலியில் இறங்கலாம். அப்பம்மாவைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பலாம். பேரனின் காகிதம் முடிந்த பிறகுதான் பாட்டியின் பயணம் பயணமாக இருக்கும். அதற்கு முன்னால் என்றால் அது பிரிவு.

“அதுக்குள்ள நான் செத்துப் போனா?” என்றார் பெரியம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை. “எங்கட சேமக்காலையில அவருக்குப் பக்கத்தில இடம் கிடக்கு” என்றார். பெரியப்பா 1988இல் இறந்தவர், அடம்பனில்தான் அடக்கம். அப்போது மூத்தவன் உள்ளே வந்தான். முகாமில் பிறந்து வளர்ந்த பையன், பேச்செல்லாம் திண்டுக்கல். ‘அப்பம்மா’ என்ற ஒரு சொல் மட்டும் மன்னார். “அப்பம்மா, ஆகஸ்டு மடுத் திருவிழாவுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், பாஸ்போர்ட் மட்டும் வரட்டும்” என்றான். எந்த வருடத்து ஆகஸ்ட் என்று அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

யூ.என். விண்ணப்பத்தை நான் போன வருடமே நிரப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி. அது மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன், மடிப்பில் மெழுகு சொட்டியிருந்தது. எப்போது போடுவீர்கள் என்று கேட்டால், “சின்னவள் ப்ளஸ் டூ முடிக்கட்டும் தம்பி” என்கிறார். நிரப்பிக் கொடுத்த அன்று, பத்தாவது முடிக்கட்டும் என்றார்.